20 வயது எஸ்யூவி: விற்பதா, வைத்துக்கொள்வதா? பாரம் இழுக்கும் வண்டியில் என்ஜின் மவுண்டிங் சொல்லும் பதில்

டாடா சுமோ சாலைக்கு வந்தது 1994-ல். பொலிரோவும் குவாலிஸும் 2000-ல் வந்தன, ஸ்கார்பியோ 2002-ல். தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளம், மீன் வியாபாரம், விவசாயம், கல்யாண வீடு என எல்லாவற்றுக்கும் ஓடி ஓடி உழைத்த இந்த வண்டிகளில் பலவற்றுக்கு இப்போது 20 வயசு தாண்டிவிட்டது.

அந்த 20 வயசுதான் இப்போது பிரச்னை. 20 ஆண்டுகளைக் கடந்த கார், ஜீப் வகை வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. அடுத்த மாதமே, செப்டம்பர் 22 முதல், வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஆனது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம். ஆக, பழைய வண்டியை வைத்திருக்கும் செலவு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, பழுது பார்க்கும் செலவு இன்னொரு பக்கம் இறங்கியிருக்கிறது.

சரி, வண்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா? அதிலும், டிரெய்லரோ பழுதான வண்டியோ அவ்வப்போது இழுக்க வேண்டிய எஸ்யூவி என்றால்? இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, பானெட்டுக்குள் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் மூன்று ரப்பர் துண்டுகளில் இருக்கிறது.

முதலில், 10,000 ரூபாய் கணக்கு

தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 15 வயதைத் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இப்போது 20 வயதைத் தாண்டினால் 10,000.

கேட்க பயமாக இருந்தாலும், 5 ஆண்டுக்கு 10,000 என்றால் ஆண்டுக்கு 2,000. மாதத்துக்கு 170 ரூபாய்கூட இல்லை. பசுமை வரி, ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி என்றாலும், இந்தக் கட்டணத்துக்காக மட்டும் யாரும் வண்டியை விற்க வேண்டியதில்லை. புதுப்பிக்கும் முன் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பாரே, அங்கே தேறுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

இன்னொன்று. "10 வருஷ டீசல் வண்டி ஓட்டக் கூடாதாமே" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் டெல்லி தலைநகரப் பகுதி தொடர்பானது. அந்த வயது வரம்பு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

என்ஜின் மவுண்டிங் என்றால் என்ன?

என்ஜின் நேரடியாக சேஸிஸில் முறுக்கி வைக்கப்படுவதில்லை. இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டவைத்த மவுண்டிங் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சுமோ, ஸ்கார்பியோ, பொலிரோ போன்ற ஏணிச் சட்ட சேஸிஸ் வண்டிகளில் என்ஜின் முன்பின்னாக, நீளவாக்கில் இருக்கும். பொதுவாக என்ஜினுக்கு இடது வலது என இரண்டு மவுண்டிங், கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்று.

இவற்றுக்கு மூன்று வேலைகள். எடையைத் தாங்குவது, நடுக்கத்தை உள்ளே விடாமல் தடுப்பது, என்ஜின் முறுக்கிக்கொண்டு திரும்பாமல் பிடித்துக்கொள்வது. இதில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. நடுக்கம் தெரியாமல் இருக்க ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், முறுக்கத்தைப் பிடிக்கவோ அது கெட்டியாக இருக்க வேண்டும்.

நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐடிலில் நிற்கும்போது விநாடிக்கு சுமார் 27 முறை வெடிப்பு நடக்கிறது. சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் நாம் உணரும் 'கடகட' அதுதான். நல்ல மவுண்டிங் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

பாரம் இழுக்கும்போது என்ன ஆகிறது?

பலரும் கவனிக்காத இடம் இது. என்ஜின் தரும் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 4 என்றால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருவது சுமார் 800 நியூட்டன் மீட்டர். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே துண்டாகப் பிணைந்திருப்பதால், அந்த 800-க்கும் எதிர்வினையைத் தாங்க வேண்டியது இதே மூன்று மவுண்டிங்தான்.

தனியாகப் போகும் வண்டிக்கு முதல் கியரில் முழு விசை தேவைப்படுவது அரிது. பின்னால் ஒரு டன் கட்டியிருந்தால் கதை வேறு. 10 சதவீத ஏற்றத்தில், அதாவது 10 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், அந்த ஒரு டன் சுமார் 100 கிலோ விசையோடு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். படகுத் துறையின் சரிவு, ஆற்றுப் படுகையிலிருந்து மேலேறும் பாதை, மணல் என எல்லாவற்றிலும் டிரைவர் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிப்பார். மவுண்டிங் கிழிவது பெரும்பாலும் இப்படியான சில விநாடிகளில்தான்.

அது கிழிந்தால் நட்டம் அதோடு நிற்காது. என்ஜின் ஒரு பக்கம் எகிறும்போது ஃபேன் போய் அதன் கூண்டில் உரசும், ரேடியேட்டர் ஹோஸ் இழுபடும், டர்போ குழாயின் கிளாம்ப் தளரும், சைலன்சர் குழாயில் வெல்டிங் விடும், எர்த் கேபிள் தெறிக்கும். எப்போதோ மாற்றியிருக்க வேண்டிய ரப்பருக்காக, நடுரோட்டில் கூலன்ட் கொட்டி என்ஜின் ஹெட் வரைக்கும் செலவு போவது இப்படித்தான்.

நம்ம கரையில் மட்டும் ஏன் சீக்கிரம் போகிறது?

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தூத்துக்குடியில். உப்புக் காற்றும் உப்பளச் சாலையும் ரப்பரைவிட அதைப் பிடித்திருக்கும் இரும்பைத்தான் முதலில் தின்னும். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் இடத்தில் துரு புகுந்தால், ரப்பர் முழுசாக இருக்கும்போதே தகட்டிலிருந்து பிரிந்து வந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில் இரும்புக்கால வாள்களையும் ஈட்டிகளையும் தோண்டி எடுத்த மண் இது. இரும்புக்குத் துரு என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கி நின்றதை மறந்திருக்க மாட்டோம். நாள்கணக்கில் சேற்று நீரில் நின்ற வண்டிகளில் சீட்டையும் வயரிங்கையும் மாற்றியவர்கள் உண்டு. சேஸிஸுக்கும் பிராக்கெட்டுக்கும் இடுக்கில் தங்கிய சேற்றைக் கழுவியவர்கள் எத்தனை பேர்? வெள்ளத்தில் நின்ற வண்டி உங்களிடம் இருந்தாலோ, செகண்ட் ஹேண்டில் வாங்கினாலோ, முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் மவுண்டிங் பிராக்கெட்டும் ஒன்று.

மூன்றாவது, நாமே செய்வது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் "அண்ணாச்சி, அடியில ஆயில் அடிச்சு விடவா?" என்று கேட்பார்கள். துருப்பிடிக்காமல் இருக்க கழிவு ஆயிலையோ டீசலையோ அடியில் தெளிப்பது பழைய பழக்கம். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் எமன். ஊறி, உப்பி, மெத்தென்று ஆகி, கடைசியில் கிழியும். துரு தடுக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள அண்டர்பாடி கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள், ரப்பர் பாகங்களை மூடிவிட்டு. என்ஜினில் ஆயில் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புது மவுண்டிங் போடுவதும் வீண் செலவு.

போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சில அறிகுறிகள்:

- ஐடிலில் உடம்பே ஆடும் நடுக்கம், ஏசி போட்டால் இன்னும் கூடும்.
- முதல் கியரிலோ ரிவர்ஸிலோ எடுக்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.
- ஆக்சிலரேட்டர் கொடுத்து விடும்போது கியர் லீவர் தானாக முன்னும் பின்னும் ஆடுவது.
- கிளட்ச் விடும்போது வண்டி உதறி உதறிக் கிளம்புவது.

உறுதி செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பானெட்டைத் திறந்துவைத்து, அனுபவமுள்ள ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைக் கடி வரும் அளவுக்கு மட்டும் விடட்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல. பார்ப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ கூடாது. என்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்பினால் பயமில்லை. ஒரு பக்கம் எகிறி, சத்தத்தோடு உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து மவுண்டிங் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: நடுக்கம் என்றாலே மவுண்டிங்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லை என்றாலும், ஐடில் வேகம் குறைந்திருந்தாலும் இதே நடுக்கம் வரும். 'டொக்' சத்தம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்ததாலும் வரலாம். பாகத்தை மாற்றச் சொல்லும் முன் சோதனையைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் நான்கு வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

*கம்பெனி ரப்பர் மவுண்டிங்:* வண்டியோடு வந்த அதே வகை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும், அவ்வப்போது பாரம் இழுப்பவர்களுக்கும்தான். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால், அந்த என்ஜினின் நடுக்கத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டு ரப்பரின் கடினத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

*ஹைட்ராலிக் மவுண்டிங்:* உள்ளே திரவம் நிரப்பிய வகை. உங்கள் மாடலுக்கு கம்பெனியே இதைக் கொடுத்திருந்தால் மட்டும் இதையே போடுங்கள். திரவம் கசிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், பழுது பார்க்க முடியாது.

*பாலியூரிதேன்:* ஆஃப்-ரோடு பிரியர்கள் விரும்புவது. ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெயையும் தாங்கும். என்ஜின் அசைவு நன்றாகக் குறையும். ஆனால், அது விழுங்காத நடுக்கம் முழுக்க சேஸிஸுக்கும் கேபினுக்கும் போகும். நான்கு சிலிண்டர் பழைய டீசலில் இதைப் போட்டு தினமும் 50 கி.மீ. ஓட்டினால் டேஷ்போர்டு ஸ்குரூ முதல் உங்கள் முதுகு வரை எல்லாம் பேசும். தினசரி ஓட்டும் வண்டிக்கு வேண்டாம்.

*விலை குறைந்த லோக்கல், ரப்பர் புதிதாக ஊற்றிய பழைய மவுண்டிங்:* பார்க்க அச்சு அசல் அதேதான். ரப்பரின் கடினமும் தகட்டோடு அது ஒட்டியிருக்கும் பலமும் கண்ணுக்குத் தெரியாது. பாரம் இழுக்கும் வண்டியில் அந்த ஒட்டு விடுவதுதான் ஆபத்து. அவசரத்துக்கு ஊர் வந்து சேர உதவும், நிரந்தரத் தீர்வு ஆகாது.

வாங்கும்போது கவனிக்க: மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரை உறுதி செய்யுங்கள். ஸ்கார்பியோ என்றாலே ஒரே என்ஜின் இல்லை. 2002-ல் வந்த 2.6 லிட்டர் வேறு, பின்னாளில் வந்த 2.2 லிட்டர் எம்ஹாக் வேறு. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், பல ஆண்டு அலமாரியில் கிடந்த ரப்பர் போடும் முன்பே கெட்டித்துப் போயிருக்கும். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். 1,000 ரூபாய் அடக்க விலைப் பொருள் முன்பு 28 சதவீத வரியோடு 1,280, இப்போது 18 சதவீதத்தில் 1,180. இந்த 100 ரூபாய் குறைந்திருக்கிறதா என்று பில்லில்தான் தெரியும்.

மாட்டும்போது செய்யக் கூடாதது

ஒன்றை மட்டும் மாற்றுவது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தொய்ந்தது என்றால் புதுசின் மேல்தான் பாரம் ஏறும். இரண்டு என்ஜின் மவுண்டிங்கையும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

ஆயில் சம்ப்பின் மேல் நேரடியாக ஜாக்கி வைத்துத் தூக்குவதும் தவறு, தகடு அமுங்கிவிடும். புது மவுண்டிங்கில் போல்ட்டுகளை முதலில் லேசாக மாட்டி, என்ஜினின் முழு எடையையும் இறக்கி உட்காரவிட்ட பிறகுதான் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். முன்பே முறுக்கினால் ரப்பர் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

மவுண்டிங் மட்டும் போதுமா?

போதாது. இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம்.

1.8 டன் எஸ்யூவி தனியாக 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அதில் பிரேக் இல்லாத ஒரு டன் டிரெய்லரைக் கட்டினால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 50 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பழைய அளவுக்குள் இருக்க வேண்டுமென்றால் நீங்கள் 48 கி.மீ. வேகத்தில்தான் போக வேண்டும். அதுவும் பழைய வண்டி. எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019-ல்தான், உங்கள் 2004 மாடலில் பெரும்பாலும் அது இருக்காது.

எனவே பாரம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை:

- பிரேக்: பேடு, லைனிங், இரும்புக் குழாய்களில் துரு. பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.
- கூலிங்: ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் பெல்ட், சரியான கலவையில் கூலன்ட். வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம்.
- கிளட்ச்: மேல் கியரில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது.
- கியர் ஆயில், கிரவுன் ஆயில்: பலர் வருஷக்கணக்கில் திறந்தே பார்ப்பதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உடனே மாற்ற வேண்டும்.
- டயர்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பட்டன் இருந்தாலும் வயதான ரப்பர் பாரத்தில் வெடிக்கும்.
- பாரம் ஏற்றும் விதம்: டிரெய்லரின் எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கும்படி, அச்சுக்குச் சற்று முன்பக்கமாக ஏற்ற வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள்.

படகு டிரெய்லரின் சக்கரத்தைக் கடலுக்குள் இறக்கினால், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புநீர் போன பேரிங் அடுத்த பயணத்தில் பழிவாங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. ஆகவே பட்டறையில் வெல்டு அடித்துச் செய்த டிரெய்லரை அப்படியே சாலையில் இழுத்துப் போக முடியாது, பதிவு வேண்டும். செய்யக் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வண்டியின் உரிமையாளர் கையேட்டில் இழுவை எடை வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 'இழுக்கலாம்' என்று அர்த்தமில்லை. முன்னும் பின்னும் கம்பெனி கொடுத்திருக்கும் வளையம் அவசரத்துக்கு மட்டுமே, டிரெய்லர் மாட்ட அல்ல. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தேய்ந்த மவுண்டிங்குக்கு அதே வகை மவுண்டிங் போடுவது பழுதுபார்ப்பு, அதில் பிரச்னை இல்லை. என்ஜினையே வேறு மாற்றி வைப்பது அப்படி அல்ல.

இன்சூரன்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. தனியார் கார் பாலிசி, வண்டியை வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்துவதை ஏற்காது. பக்கத்து வீட்டு வண்டியை உதவிக்கு இழுத்தால் ஒரு கதை, காசு வாங்கிக்கொண்டு இழுத்து விபத்தானால் வேறு கதை. கிளைம் மறுக்கப்படலாம்.

பழுதான வண்டியை இழுக்கும்போது, பின்னால் உள்ள வண்டியிலும் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 1989 சாலை ஒழுங்குமுறைகளிலிருந்தே வரும் நடைமுறை. வேகத்துக்கு அப்போது வைத்த வரம்பு 24 கி.மீ. ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்க வண்டிகளை சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும், அவற்றை ஏற்றித்தான் போக வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை 'ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்' என்று முயல்வதும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

அப்போ, விற்கலாமா வேண்டாமா?

முடிவை சேஸிஸிடம் விடுங்கள். மவுண்டிங் பிராக்கெட், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், ஏணிச் சட்டத்தின் உட்புறம் ஆகியவற்றில் துரு மேலோட்டமாக இருந்தால், வண்டி இன்னும் 5 ஆண்டு உழைக்கும். மவுண்டிங், பிரேக், கூலிங் மூன்றையும் சரிசெய்துவிட்டு 10,000 ரூபாய் கட்டுவதில் தவறில்லை. சட்டமே அரித்து, வெல்டிங் மேல் வெல்டிங் என்று ஓடும் வண்டியில் எந்த மவுண்டிங் போட்டாலும் பயனில்லை. அதில் பாரம் கட்டுவது உங்களுக்கும் பின்னால் பைக்கில் வருபவருக்கும் ஆபத்து.

புதுசு வாங்க நினைப்பவர்களுக்கும் கணக்கு மாறியிருக்கிறது. 4 மீட்டருக்குள் நீளமும் 1,500 சிசிக்குள் டீசல் என்ஜினும் கொண்ட பொலிரோ போன்ற வண்டிகளுக்கு வரி 31-லிருந்து 18 சதவீதமாகியிருக்கிறது. பெரிய எஸ்யூவிகளுக்கு 50-லிருந்து 40. பழைய வண்டியைப் பதிவுபெற்ற மையத்தில் கழிவுக்குக் கொடுத்தால், புது தனியார் வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. பிஎஸ்-2, பிஎஸ்-3 காலத்து டீசல் விடும் புகையையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆனால், எல்லோராலும் புது வண்டிக்கு மாத்தவணை கட்ட முடியாது. மழை வெள்ளம் ஒருதடவை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போன ஊர்களில், ஓடுகிற பழைய வண்டிதான் பல குடும்பங்களின் சேமிப்பு. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மழைக்காலத்துக்கு முன் செய்ய ஒரு வேலை: வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடியில் போய் நீங்களே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்று அப்போதே தெரிந்துவிடும்.